மாமா விட்டுப்போன பியட்: அசலா, சோழவரமா, ஜிப்ஸி எஞ்சினா?

மாதம் இரண்டு மூன்று பேராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். "மாமா 1969ல வாங்கின பியட் 1100. பதினஞ்சு வருஷமா மாட்டுக் கொட்டகையில நிக்குது. அசலாக் கொண்டு வரவா, அந்தக் காலத்துல சோழவரம் ரேஸ்ல ஓடின மாதிரி கட்டவா, இல்ல மாருதி ஜிப்ஸி எஞ்சினப் போட்டு ஜம்முனு ஓட்டவா?" போன வாரம் கேட்ட தம்பி படமும் அனுப்பியிருந்தார். பானெட் மேல் வைக்கோல். நம்பர் பிளேட்டில் சாணித் தெறிப்பு. பின்சீட்டில் ஒரு கோழி, அதன் அடியில் நாலு முட்டை. இவ்வளவு நல்ல நிலையில் ஒரு 1100 பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று பதில் போட்டேன். கிண்டல் இல்லை. கூரைக்குக் கீழே நின்ற வண்டி அது. வேப்பமரத்தடியில் நின்றிருந்தால் தரைத்தகடு போயிருக்கும்.

பியட் என்று நாம் சொல்வது ஒரு பெரிய குடும்பம். 1100டி, டிலைட், பிரசிடென்ட், 1974 முதல் பத்மினி. பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. உள்ளே அதே 1089 சிசி எஞ்சின், பின்னால் அதே பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆகவே கீழே எழுதுவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு பியட் கட்டியிருக்கிறேன். மூன்றாம் வழியில், அதாவது வேற்று எஞ்சின் போட்டுக் கட்டியதை விற்றுவிட்டேன். இரண்டாம் வழியில், சோழவரம் பாணியில் கட்டியது இன்னும் என் ஷெட்டில் நிற்கிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் எஞ்சினில் தொடங்குகிறார்கள். நான் ரோட்டில் தொடங்கச் சொல்வேன். வண்டியை எங்கே ஓட்டப் போகிறீர்கள்? ஞாயிறு காலை ஈசிஆரில் ஒரு காபி குடித்துத் திரும்ப ஒரு வண்டி, வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு எடுக்க ஒரு வண்டி, வருஷத்துக்கு இரண்டு தடவை டிராக்கில் விரட்ட ஒரு வண்டி. மூன்றுக்கும் மூன்று விதமாகக் கட்ட வேண்டும். மூன்றும் ஒன்றிலேயே வேண்டும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அடுத்தது, திரும்பி வர வழி இருக்கிறதா? ஸ்பேனரால் மாற்றியதை ஸ்பேனரால் திரும்ப மாற்றலாம். கட்டரால் அறுத்ததை எந்த டிங்கர் ஒட்டினாலும் தழும்பு தெரியும். உங்கள் மகளுக்கு நாளை வேறு ஆசை வரலாம். அதற்கு வண்டியில் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

மூன்றாவது ஆர்.சி. புக். இதில் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நேரடியானது: கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ளது மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதன்பின் 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' வரிசையில் தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்று கட்டரை எடுப்பவர் இந்தக் கதவையும் சேர்த்தே மூடுகிறார்.

நாலாவது, மிதித்தால் வண்டி நிற்குமா? பிரேக்கைப் பற்றிக் கீழே ஒரு கதை இருக்கிறது, அங்கே பேசுவோம்.

ஐந்தாவது கை. உங்கள் ஊரில் இதைத் தொடத் தெரிந்தவர் யார்? அவருக்கு வயது என்ன? இரண்டாவது கேள்வி கொஞ்சம் கொடூரமாகத் தெரியலாம். ஆனால் கார்ப்பரேட்டர் தெரிந்தவர்களில் பாதிப்பேர் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார்கள், மகனுக்குத் தெரிந்தது ஸ்கேனர்.

கடைசியாக ஞாபகம். மாமா ஓட்டிய வண்டியை வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்களா, சின்ன வயதில் ரேஸில் பார்த்த வண்டியையா? இரண்டும் ஒரே பியட்தான். கட்டும்போது ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

## வழி ஒன்று: அசல்

பியட்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அதனால் அசலாக்குவதில் பெரிய செலவு எஞ்சினுக்குப் போகாது, டிங்கர் வேலைக்குத்தான் போகும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். டிரைவர் காலடித் தகடு, கதவுக்குக் கீழ்ப் பட்டி, ஜாக்கி போடும் இடம், பின்பட்டை தொங்கும் கொக்கி. 'டங்' என்றால் இரும்பு. 'தப்' என்றால் புட்டியும் பெயின்ட்டும். நாலில் மூன்று இடம் 'தப்' என்றால் உங்கள் பட்ஜெட்டை இப்போதே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பயமுறுத்தாது. சிலிண்டரைப் போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் போட்டு, பேரிங் மாற்றினால் உயிர் வந்துவிடும். லேத் பட்டறைக்காரருக்கு இது மனப்பாடம். மறைந்திருக்கும் செலவு பெட்ரோலில் வருகிறது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குப் பிறந்தது, ஈயம் 2000த்தோடு போயிற்று. ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைக் கடினமானதாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை கழற்ற வேண்டிவரும். இப்போது பங்கில் இருப்பது இ20, அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துப் பிசுபிசுக்கச் செய்யும். டியூப், பம்ப் டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் புதுசாகப் போட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளிருந்து துரு பிடிக்கும். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் கலவையும் கொஞ்சம் வறண்டுபோகும், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, ஜெட்டை, ஒரு படி பெரிதாக்க வேண்டும்.

ரப்பர் பீடிங், பம்பர் நிக்கல், 5.20-14 டயர் என்று தேடி அலைவது தனிப் பொழுதுபோக்கு. அதைப் பிடித்தவர்கள் அசல் வழிக்குப் போகட்டும், பிடிக்காதவர்கள் வேண்டாம்.

'விஏ' எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. அந்த எண்ணோடு தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று கணக்காகத்தான். ஆபீசுக்கு எடுக்க நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருந்துவிடுவது நல்லது. அங்கே புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாய்க்குத் தாவியது, 2025ல் இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் காட்ட முடியாத இன்னொரு செலவு, பயம். அவ்வளவு செலவழித்த பெயின்ட்டை யார் உரசுவார்களோ என்று வண்டியை எடுக்கவே மாட்டார்கள். கவர் போட்டு, கவருக்கு மேல் இன்னொரு கவர் போட்டு நிற்கும் பியட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் இருந்தபோது கோழியாவது உட்கார்ந்தது.

இந்த வழி யாருக்கு? பேப்பர் முழுசாக இருக்கிறது, முதல் ஓனர் குடும்பம், எஞ்சின் எண் பொருந்துகிறது, பாடி 'டங்' என்கிறது, வண்டியில் ஏறி உட்கார்ந்து "அதே வாசனை" என்று சொல்ல வீட்டில் ஒரு அத்தையாவது இருக்கிறார். அப்படியானால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

## வழி இரண்டு: சோழவரம்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில், உலகப் போர் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் வரும்வரை தென்னாட்டு ரேஸ் என்றால் சோழவரம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார். விஜய் மல்லையா இறக்குமதி செய்த ஃபார்முலா ஒன் என்சைன் அலறிக்கொண்டு போகும், கூட்டம் எழுந்து நிற்கும். கோவை ரேஸ்காரர் கரிவரதன் வந்தால் இன்னும் சத்தம். எனக்கு என்னவோ பியட்டுகள்தான். எங்கள் தெரு டாக்டர் வைத்திருக்கும் அதே வண்டி, பம்பர் இல்லாமல், சைலன்சர் இல்லாமல், வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து உள்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு வரும். டாக்டர் வண்டிக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று வாய் பிளந்து பார்த்தேன்.

ஒளிந்துதான் இருந்தது. 1950களின் கடைசியில் இத்தாலியில் ஃபார்முலா ஜூனியர் என்ற பந்தய வகை வந்தது. சாதாரணக் காரின் எஞ்சினைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. மோடெனாவில் ஸ்டான்குவெல்லினி என்ற சின்னப் பட்டறை எடுத்தது நம் பியட் 1100 எஞ்சினை. அதே 68 மிமீ போர் (சிலிண்டரின் அகலம்), அதே 75 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). இரட்டை வெபர் கார்ப்பரேட்டர் போட்டு, கம்ப்ரஷன் ஏற்றி, நம் வண்டியில் நாற்பது சொச்சம் குதிரைத்திறன் தருவதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்கள். 1959ல் மொனாக்கோவில் ஜூனியர் பந்தயத்தை வென்றது இந்த எஞ்சின் பூட்டிய வண்டிதான். அடுத்த வருஷமே பிரிட்டிஷ்காரர்கள் ஃபோர்டு எஞ்சினைப் பின்னால் வைத்து வந்து இதை ஓரங்கட்டினார்கள். அவர்கள் ஸ்ட்ரோக் 48 மிமீ சொச்சம்.

அதில்தான் நமக்கான கணக்கு இருக்கிறது. 75 மிமீ ஸ்ட்ரோக்கில் நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஃபோர்டில் அதே சுற்றுக்குப் பத்துக்கும் கீழே. கூடவே நம் கிராங்க்கைத் தாங்குவது மூன்றே பேரிங். ஆகவே பியட்டைச் சுற்றிச் சுற்றிப் பவர் எடுக்கப் பார்க்காதீர்கள். மூச்சை அகலமாக்குங்கள். அந்தக் காலத்து ஆட்கள் அதைத்தான் செய்தார்கள்: ஹெட்டைக் கொஞ்சம் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவது, போர்ட்டுகளை வழுவழுவென்று இழைப்பது, மேனிஃபோல்டு கட்டி இரட்டைக் கார்ப்பரேட்டர், நாலு குழாயும் தனித்தனியாக வந்து சேரும் எக்ஸாஸ்ட், ஃப்ளைவீலைக் கடைந்து இலேசாக்குவது, பட்டையில் ஒரு இலை எடுத்து வண்டியைத் தாழ்த்துவது. இங்கே இ20 ஒரு கை கொடுக்கிறது. ஆக்டேன் கூடுதல் என்பதால் சீவிய ஹெட்டிலும் எஞ்சின் 'கட கட' என்று தட்டாது. வழி ஒன்றில் வில்லனாக வந்த அதே பெட்ரோல்தான்.

எடையை மறக்காதீர்கள். வண்டி ஏறக்குறைய 900 கிலோ. பம்பர், பின்சீட்டு, ஸ்டெப்னி, தரை விரிப்பு என்று நூறு கிலோ இறக்கினால், ஐந்து குதிரைத்திறன் சும்மா கிடைத்த மாதிரி. எண்பதுகளில் சோழவரத்தில் சிபானி டால்ஃபின் என்ற சின்னக் கார் பெரிய வண்டிகளுக்குத் தண்ணி காட்டியது எப்படி? எஞ்சின் 848 சிசிதான், உடம்பு ஃபைபர். கழற்றியதை எல்லாம் கோணிப்பையில் போட்டுச் சீட்டு எழுதிப் பரண்மேல் வையுங்கள். என் பியட்டின் பின்சீட்டு இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, அம்மா அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள்.

இந்த வழியின் விலை உங்கள் நேரம். இரட்டைக் கார்ப்பரேட்டர் ஒரு குழந்தை மாதிரி, இரண்டு குழந்தை என்றே சொல்லலாம். கோவை ரத்தினபுரிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போவேன். டியூன் செய்யும்போது ஒரு முழ ரப்பர் டியூபை எடுப்பார். ஒரு நுனி காதில், இன்னொன்று கார்ப்பரேட்டர் வாயில். முதலாவதைக் கேட்பார், இரண்டாவதைக் கேட்பார், ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் கம்மியாகத் திருப்புவார். ஒருநாள் டியூபை என் காதில் வைத்தார். "இதுல சீழ்க்கை கேக்குதுங்களா தம்பி? அதுல பாருங்க, பெருமூச்சு. ரெண்டும் பெருமூச்சா வரோணும்." அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. சீழ்க்கை எது என்று பிடிபட இரண்டு வருஷமாயிற்று. அவர் இல்லாதபோது அதுதான் காப்பாற்றுகிறது.

டவுன் டிராபிக்கில் இந்த வண்டி முரண்டும். ஐடிலிங்கில் இருமும், மே மாதம் சிக்னலில் சூடு காட்டும் ஊசி ஏறும், மைலேஜைப் பற்றிக் கேட்காதீர்கள். ஹெட்டை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் சீவ முடியாது, ஆகவே அசல் ஹெட்டைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ இன்னொரு ஹெட் தேடி அதில் கைவையுங்கள். சத்தத்துக்குப் போலீஸ் கைகாட்டினால் பேச்சுக்கொடுக்காமல் ஃபைனைக் கட்டிவிட்டு வாருங்கள்.

நல்லது என்ன? அறுப்பது கிடையாது. எல்லாம் ஸ்பேனர் வேலை. எஞ்சின் எண் அதே எண். நாளைக்கு அசலாக்க வேண்டும் என்றால் பரண்மேல் எல்லாம் இருக்கிறது. இது நீங்களே கையில் கிரீஸ் பூசிக்கொள்ளத் தயாரானவர்களுக்கான வழி. பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்க நினைப்பவர் மூன்று மாதத்தில் சலித்துவிடுவார்.

## வழி மூன்று: வேற்று எஞ்சின்

இதில் இரண்டு வகை. முதலாவது கிட்டத்துச் சொந்தம்: அதே பிரீமியர் கம்பெனி 1985ல் கொண்டுவந்த 118என்இ வண்டியின் நிசான் ஏ12 எஞ்சின். 1171 சிசி, ஐந்து பேரிங், கியர் தரையில். இரண்டாவது மாருதி. ஜிப்ஸியின் 1298 சிசி, அல்லது அதே குடும்பத்து எஸ்டீம் எம்பிஎஃப்ஐ எஞ்சின் (கார்ப்பரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் சொல்லிப் பெட்ரோல் தெளிக்கும்), 85 குதிரைத்திறன், ஜிப்ஸி ஐந்து கியர் பெட்டியோடு. ஜிப்ஸியை எல்லோரும் தேடுவதற்குக் காரணம் உண்டு. அதில் நாலு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் ஒரு குட்டி ஷாஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டால், பின்சக்கரம் ஓட்டும் வண்டிக்கு அளவெடுத்த கியர்பாக்ஸ் கையில்.

ஒரு வேடிக்கை: ஜிப்ஸி எஞ்சினின் ஸ்ட்ரோக் 75.5 மிமீ. நம் பியட்டைவிட அரை மில்லி கூடத்தான். ஆனாலும் அது பயமில்லாமல் சுற்றும். ஐந்து பேரிங், தலைக்கு மேல் கேம். மேலே ஸ்ட்ரோக்கைப் பற்றி நான் எழுதியதை வைத்து யாரும் வேதம் செய்துகொள்ள வேண்டாம்.

என் முதல் பியட் இப்படித்தான் ஆயிற்று. எஸ்டீம் எஞ்சின், 2003. புதுப்பேட்டையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் வாங்கிய அன்றைக்குப் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். பழைய நோட்டைப் புரட்டினால், மொத்தச் செலவில் அது கால்பங்குகூட இல்லை. மவுன்ட் வெட்டி ஒட்ட, கியர்பாக்ஸ் உட்காரத் தரைத்தகட்டை அறுக்க, ஷாஃப்ட்டை நீளம் குறைத்து பேலன்ஸ் செய்ய, ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், டேங்க், வயரிங், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ. ஷாஃப்ட் பேலன்ஸ் சரியில்லாமல் எழுபதில் ஸ்டியரிங் கிடுகிடுத்தது, மூன்று தடவை கழற்றினோம். பிரேக்குக்கு வரும்போது காசு தீர்ந்துவிட்டது. "பொறவு பாத்துக்கலாங்க" என்றார் பட்டறைக்காரர். எனக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்தது.

அந்த டிசம்பரில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். அதே டிரம், பிரேக் ஆயிலுக்கு ஒரே சர்க்யூட், எஞ்சின் மட்டும் இரண்டு மடங்கு. பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் கருகிய லைனிங் வாசனை வந்தது. அடுத்த வளைவில் பெடல் பாதிவரை போயிற்று. அதற்கடுத்ததில் தரையைத் தொட்டது, பஞ்சை மிதித்த மாதிரி. ஆயில் கொதித்துவிட்டது. இரண்டாவது கியரைத் திணித்து, மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரங்களை இறக்கி, கல்லில் பாடி உரசி நின்றது. பின்னால் வந்த முட்டைகோஸ் லாரி டிரைவர் இறங்கி வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். "நிக்காத வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய எஞ்சின்?" பதில் இல்லை என்னிடம். மறு மாதம் விற்றுவிட்டேன், என்ன நடந்தது என்று வாங்கியவரிடம் சொல்லித்தான்.

அமெரிக்க எஞ்சினைப் பிரிட்டிஷ் உடம்பில் வைத்த கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரை இந்த வழிக்காரர்கள் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1962ல் அமெரிக்க ரேஸ்காரர் கேரல் ஷெல்பி, ஏசி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஏஸ் வண்டியில் ஃபோர்டு வி8 வைத்தது உண்மை. ஆனால் அதற்காகப் பின்னால் டிஃபரன்ஷியலையே வலுவான சால்ஸ்பரி கம்பெனி டிஃபரன்ஷியலுக்கு மாற்றினார்கள், டிஸ்க் பிரேக்கை இடம் மாற்றினார்கள். எஞ்சினை மட்டும் மாற்றி யாரும் கோப்ரா கட்டவில்லை. நம் ஆட்கள் பியட்டின் பின்அச்சைத் தொடாமல் 85 குதிரையைப் பூட்டுகிறார்கள்.

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். பிறகு பின்அச்சு, பிறகு தரைத்தகட்டுக்கு முட்டுக்கொடுத்து பலம். எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள். அதற்குள் காசு தீர்ந்துபோனால் நல்ல பிரேக்கோடு ஒரு அசல் பியட் மிஞ்சும், நஷ்டமில்லை.

ஆர்.சி. பக்கம் இங்கேதான் பெரிய ஓட்டை. அதே வகை எஞ்சினை மாற்றவே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். வேறு கம்பெனி எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். "எல்லாம் எழுதிக்கலாம்" என்று சொல்லும் புரோக்கர், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் ஆபீசுக்கு உங்களோடு வர மாட்டார். என்னைக் கேட்டால், இந்த வண்டி ரோட்டுக்கு வேண்டாம், டிராக்குக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே இரண்டுக்கும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம். ரேஸில் இறங்குவதானால் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டு, பெல்ட், தீயணைப்பான் செலவும் சேரும்.

இது யாருக்குச் சரி? ஏற்கெனவே யாரோ அறுத்துப்போட்ட பாடி, எஞ்சின் இல்லாத பாடி, பேப்பர் இல்லாத பாடி கிடைத்தவருக்கு. அதில் இழக்க ஒன்றுமில்லை. மாமா வண்டியை இதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

## கையில் இருப்பது ஹெரால்டு என்றால்

கணக்கு கொஞ்சம் மாறும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் மெட்ராஸ் வண்டி, வண்டலூர்ப் பக்கம் கட்டியது. சேசிஸ் தனி, பாடி தனி, முன்முகம் முழுக்க ஒரே கதவாகத் திறக்கும், ஆகவே வேலை செய்யச் சுகம். சொந்தக்காரன் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்பதால் இங்கிலாந்தில் இன்றும் உதிரி கிடைக்கிறது. அதன் முன் டிஸ்க் பிரேக் ஹெரால்டில் பொருந்தும். வழி இரண்டுக்கு பியட்டைவிடவும் இசைவான வண்டி.

ஒரே ஒரு எச்சரிக்கை, பின்சக்கரம். வளைவில் வேகமாகப் போய்ப் பாதியில் ஆக்சிலேட்டரை விட்டால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும். ஹெரால்டுக்குப் பதிலாக 1972ல் வந்த ஸ்டாண்டர்ட் கஸலில் இந்த அமைப்பை விட்டுவிட்டுச் சாதாரண அச்சும் பட்டையும் போட்டார்கள். மெக்கானிக்குகளின் சாபம் பலித்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அசல் | சோழவரம் | வேற்று எஞ்சின் |
|---|---|---|---|
| பெரிய செலவு | டிங்கர், பெயின்ட், உதிரி தேடல் | லேத் வேலை, உங்கள் நேரம் | எஞ்சினைச் சுற்றியுள்ள எல்லாம் |
| மறைந்த செலவு | வால்வ் சீட், இ20 ரப்பர், எடுக்கப் பயம் | மாதாமாதம் டியூனிங், சூடு | பிரேக், பின்அச்சு, செல்லாத இன்சூரன்ஸ் |
| ஆர்.சி. | சிக்கலில்லை, 50 வயதானால் 'விஏ' | எண் அதே எண், 'விஏ' வேண்டுமானால் அசலுக்குத் திருப்பணும் | ரோட்டுக்கு ஆகாது |
| திரும்ப முடியுமா | தேவையில்லை | முடியும், பரணில் இருந்தால் | முடியாது |
| பிரேக் | அசல் டிரம், புது லைனிங், புது ஆயில் | டிரம் போதும், மலையேறுவதானால் முன்சக்கரத்துக்கு டிஸ்க் | டிஸ்க் இல்லாமல் கட்டாதீர்கள் |
| தொடத் தெரிந்தவர் | இன்னும் இருக்கிறார்கள் | குறைந்து வருகிறார்கள் | நிறைய |
| பொருந்தும் ஓட்டம் | ஞாயிறு, கல்யாணம், ராலி | ஞாயிறு, எப்போதாவது டிராக் | டிராக் மட்டும் |

ரேஸ்தான் ஆசை, பழைய பாடியில் பற்றில்லை என்பவர்களுக்கு நாலாவதாக ஒன்று இருக்கிறது. கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதி கட்டினார். நாராயண் கார்த்திகேயன் ஏறி ஓட்டிய வகை அது. அந்த ரகத்தில் பழைய வண்டி ஏதாவது விலைக்கு வந்தால், மேலே உள்ள மூன்றையும்விடக் குறைந்த தலைவலியில் கூடுதல் வேகம் கிடைக்கும். மழை வந்தால் நனைய வேண்டும், அவ்வளவுதான்.

கோழித் தம்பிக்கு நான் எழுதியது இது. எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புக்கையும் முதலில் பொருத்திப் பாருங்கள். பாடியைத் தட்டிப் பாருங்கள். பிரேக் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, டேங்க்கைக் கழுவி, அசல் எஞ்சினையே கிளப்பி ஒரு வருஷம் ஓட்டுங்கள். அதற்குள் ஹெட் ஒன்று தனியாகத் தேடி வையுங்கள். ஓட்டப் போதாது என்று தோன்றினால் அந்த ஹெட்டைச் சீவுவோம், நானே டியூபை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஜிப்ஸி எஞ்சின் பேச்சை எடுக்காதீர்கள்.

நேற்று பதில் வந்தது. எண் பொருந்துகிறதாம், காலடித் தகடு ஒரு பக்கம் மட்டும் 'தப்' என்கிறதாம். "எல்லாஞ் சரிங்ணா, கோழி இன்னும் அடையில இருக்குது. குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள் ஆகும்னு அம்மா சொல்லுது. அதுவரைக்கும் வண்டியில யாரும் கைவெக்கக் கூடாதாம்."